மூன்று கிதார்கள்

அஞ்சல் தலைகளைத் திரட்டுவோர் உண்டு. பழங்காசுகளைத் திரட்டுவோரும் உண்டு. அஞ்சல் தலை ஏட்டில் ஏறியபின் அதற்கு வேறு வேலை இல்லை. பழங்காசும் பேழையில் உறங்கலாம். இசைக்கருவியின் நிலை வேறு. வாசிக்கும் வரையில்தான் அது கருவி. வாசிப்பாரற்றுப் போனால் மரமும் கம்பியுமே எஞ்சும். ஆகவே இசைக்கருவிகளைத் திரட்டுபவனுக்கு மற்றையோர்க்கு இல்லாத ஒரு பொறுப்பு வந்து சேர்கிறது. எத்தனை கருவிகளை அவன் வைத்துக்கொள்ளலாம்? எவற்றை வைத்துக்கொள்ளலாம்? கிதார் என்னும் கருவியின் வரலாற்றைக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்வோம்.

நான் இசைவாணன் அல்லன். அலுவல் முடிந்த மாலையில் ஒரு மணி நேரம் எனக்காக வாசிப்பவன். என்னிடம் மூன்று கிதார்கள் உள்ளன. “ஒன்று போதாதா?” என்று கேட்பவர் உண்டு, “மூன்றுதானா?” என்று வியப்பவரும் உண்டு. இரு சாரார்க்கும் விடை அம்மூன்றும் பிறந்த வரலாற்றிலேயே இருக்கிறது.

பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டு அரண்மனைகளில் விஹுவேலா என்றொரு கருவி வழங்கிற்று. கிதாரைப் போன்ற உடலும், இணை இணையாகக் கட்டிய நரம்புகளும் உடையது அது. லூயிஸ் மிலான் என்பவர் 1536ஆம் ஆண்டு வலென்சியா நகரில் அதற்கென ஓர் இசைநூலை அச்சிட்டார். அடுத்த நூற்றாண்டில் ஐந்து இணை நரம்புகள் கொண்ட கிதார் செல்வாக்குப் பெற்றது. காஸ்பார் சான்ஸ் 1674ஆம் ஆண்டு சரகோசா நகரில் அதற்குரிய பயிற்சி நூலை வெளியிட்டார். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இணைகள் நீங்கி, ஆறு தனி நரம்புகள் கொண்ட வடிவம் பரவலாயிற்று. இவையெல்லாம் சிற்றுடல் கொண்டவை. சிறு கூடத்தில் சிலர் சூழ்ந்திருந்து கேட்பதற்கு ஏற்றவை.

அக்கருவிக்கு அரங்கில் ஒலிக்கும் ஆற்றலைத் தந்தவர்களுள் தலைசிறந்தவர் அந்தோனியோ தெ தோரெஸ். 1817ஆம் ஆண்டு அல்மேரியாவை அடுத்த சிற்றூரில் பிறந்த அவர் தொழிலால் தச்சர். கிதாரின் உடலை அவர் பெரிதாக்கினார். மேற்பலகையை மெலிதாக்கி, அதன் உட்புறத்தில் விசிறிபோல் விரியும் மெல்லிய சட்டங்களைப் பொருத்தினார். ஒலியின் உயிர் எங்கே இருக்கிறது என்பதை மெய்ப்பிக்க 1862ஆம் ஆண்டு ஒரு விந்தையான சோதனையும் செய்தார். மேற்பலகையை மட்டும் நல்ல மரத்தால் அமைத்து, பக்கங்களையும் பின்புறத்தையும் காகிதக் கூழால் செய்தார். அக்கிதார் இன்றும் பார்சிலோனா நகரத்து இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பக்கங்களுக்கும் பின்புறத்துக்கும் உயர்ந்த மரம் வேண்டும் என்று பொருளைக் கொட்டுவோர் அந்தக் காகிதக் கிதாரை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

என் முதற் கிதார் தோரெஸ் வகுத்த மரபில் வந்தது. தோரெஸ் காலத்து நரம்புகள் விலங்குகளின் குடலிலிருந்து செய்யப்பட்டவை. இரண்டாம் உலகப் போரின்போது அறுவை மருத்துவத்துக்கே அவை தேவைப்பட்டதால் கிதாருக்குக் கிடைப்பது அரிதாயிற்று. அந்நிலையில் நியூயார்க்கில் வாழ்ந்த ஆல்பர்ட் அகஸ்டின் என்னும் கருவிக் கலைஞர், ஸ்பெயின் நாட்டுப் பெருங்கலைஞர் அந்திரேஸ் செகோவியாவின் ஊக்கத்தோடு நைலான் நரம்புகளை ஆக்கினார். என் கிதாரில் இருப்பவையும் நைலான் நரம்புகளே. விரல்நுனி படும் வேறுபாட்டையெல்லாம் அது குரல் வேறுபாடாகக் காட்டும். ஆனால் பத்துப்பேர் சேர்ந்து பாடும் இடத்தில் அதன் குரல் அமிழ்ந்துவிடும்.

இக்குறையை நீக்கும் முயற்சி அமெரிக்காவில் நடந்தது. ஜெர்மானியக் கருவித் தச்சரான மார்ட்டின் 1833ஆம் ஆண்டு நியூயார்க்கில் குடியேறினார். பின்னர்ப் பென்சில்வேனியாவில் உள்ள நாசரேத் என்னும் ஊரில் பட்டறை அமைத்தார். 1840களில் அவருடைய பட்டறையில், பெருக்கற் குறிபோல் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் சட்டங்களை மேற்பலகையின் உட்புறத்தில் பொருத்தலாயினர். அன்று அது குடல் நரம்புக்காகச் செய்த அமைப்பு. ஆனால் இருபதாம் நூற்றாண்டில் எஃகுத் தந்திகள் வந்தபோது, அவற்றின் இழுவிசையைத் தாங்குவதற்கு அதுவே ஏற்றதாயிற்று. ஆறு நைலான் நரம்புகளின் மொத்த இழுவிசை ஏறத்தாழ 40 கிலோ. எஃகுத் தந்திகளின் இழுவிசையோ ஏறத்தாழ 70 கிலோ. வளர்ந்த மனிதர் ஒருவரின் எடை! 1931ஆம் ஆண்டு மார்ட்டின் நிறுவனம் தன் பெயரில் வெளியிட்ட பேருடல் கிதாருக்கு ‘டிரெட்நாட்’ என்னும் ஆங்கிலேயப் போர்க்கப்பலின் பெயர் வழங்கிற்று. என் இரண்டாம் கிதார் அவ்வகையைச் சேர்ந்தது. பலர் கூடிப் பாடும்போது அதனைத்தான் எடுக்கிறேன். நைலான் நரம்பின் மென்மையை அதனிடம் எதிர்பார்ப்பதில்லை.

நடன அரங்குகளில் எக்காளமும் முரசும் முழங்கத் தொடங்கியபோது எஃகுத் தந்தியும் தோற்றது. மரத்தால் இயலாததை மின்சாரம் செய்தது. ஜார்ஜ் போஷாம், அடால்ஃப் ரிக்கன்பேக்கர் ஆகியோரின் முயற்சியால் 1932ஆம் ஆண்டு அலுமினிய வார்ப்பில் ஒரு மின்கிதார் விற்பனைக்கு வந்தது. மடியில் கிடத்தி ஹவாய்த் தீவு முறையில் வாசிக்கும் அதனை, அதன் உருவம் கண்டு ‘வாணலி’ என்றே மக்கள் அழைத்தனர். காந்தத்தின் அருகே எஃகுத் தந்தி அதிரும்போது, காந்தத்தைச் சுற்றியுள்ள கம்பிச் சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. ஒலிபெருக்கி அதனை மீண்டும் ஒலியாக்குகிறது. இவ்வளவே அதன் தத்துவம். நைலானைக் காந்தம் உணராது. ஆகவே இம்முறை எஃகுத் தந்திக்கே உரியது.

கலிபோர்னியாவில் வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்துவந்த லியோ ஃபெண்டர், 1950ஆம் ஆண்டு உட்குழிவற்ற கட்டை உடல் கொண்ட கிதாரைப் பெருமளவில் செய்யத் தொடங்கினார். கழுத்துப் பகுதியைத் திருகாணிகளால் பொருத்தினார். பழுதானால் கழற்றி மாற்றலாம். அவர் கிதார் வாசிக்கத் தெரியாதவர் என்பது இவ்வரலாற்றின் சுவைமிக்க செய்தி. 1952ஆம் ஆண்டு கிப்சன் நிறுவனமும் தன் கட்டையுடல் கிதாரை வெளியிட்டது. என் மூன்றாம் கிதார் இக்குடும்பத்தில் பிறந்தது. அதன் ஒலி எத்துணைப் பெரிய அரங்கையும் நிரப்பும். ஆனால் மின்சாரம் நின்றால் அருகிலிருப்பவர்க்குக்கூட அது நன்றாகக் கேட்பதில்லை.

ஒவ்வொரு படியிலும் கிதார் ஓர் ஆற்றலைப் பெற்றது. ஒரு நயத்தை இழந்தது. அதனால்தான் புதியது வந்தபின்னும் பழையது கழியவில்லை. மூன்றும் அக்காள் தங்கையர்போல் ஒரே காலத்தில் வாழ்கின்றன. நான் ஒவ்வொன்றிலும் ஒன்றை வைத்திருப்பதற்கு இதுவே காரணம். நான்காவது ஒன்றை வாங்க எண்ணும்போதெல்லாம், “இம்மூன்றும் சொல்ல இயலாத எதனை இது சொல்லும்?” என்று கேட்டுக்கொள்கிறேன். நிறம் வேறு, பெயர் வேறு என்பவை விடையாகா.

பெருங்கலைஞர்களும் இவ்வாறே தெரிந்தெடுத்துள்ளனர். எரிக் கிளாப்டன் 1970ஆம் ஆண்டு நாஷ்வில் நகரில் ஃபெண்டர் கிதார்கள் ஆறினை வாங்கினார். மூன்றை நண்பர்களுக்கு ஈந்தார். எஞ்சிய மூன்றின் சிறந்த உறுப்புகளைச் சேர்த்து ஒரே கிதார் ஆக்கி, பல்லாண்டுகள் அதனையே வாசித்தார். ‘பிளாக்கி’ எனப்படும் அக்கிதார் 2004ஆம் ஆண்டு 9,59,500 டாலருக்கு ஏலம் போயிற்று. அதற்கு முன் 1999ஆம் ஆண்டிலேயே தம் கிதார்களில் நூற்றினை அவர் விற்று, போதைப் பழக்கத்திலிருந்து மக்களை மீட்கும் நிலையத்துக்கு அப்பணத்தைத் தந்தார். டேவிட் கில்மோர் 2019ஆம் ஆண்டு 120க்கும் மேற்பட்ட கிதார்களை விற்றார். கிடைத்த இரண்டு கோடி டாலருக்கும் மிகுதியான தொகை சுற்றுச்சூழல் காக்கும் அறப்பணிக்குச் சென்றது. செகோவியாவின் இரு பெருங்கருவிகளான 1912ஆம் ஆண்டு ராமிரெஸ் கிதாரும் 1937ஆம் ஆண்டு ஹவுசர் கிதாரும் 1986ஆம் ஆண்டு முதல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ளன. திரட்டியவர் கையை விட்டு அவை அகன்றதனால் அவர்கள் பெருமை குறைந்ததா? வளர்ந்தது என்றே கூறவேண்டும்.

எண்ணிக்கையை அளவோடு வைத்துக்கொள்ள மற்றொரு காரணமும் உண்டு. கிதார் காட்டிலிருந்து வருகிறது. அதன் பக்கங்களுக்கும் பின்புறத்துக்கும் பிரேசில் நாட்டு ரோஸ்வுட் மரமே நெடுங்காலம் புகழ்பெற்றிருந்தது. வெட்டி வெட்டி அம்மரம் அருகியது. மார்ட்டின் நிறுவனம் 1969ஆம் ஆண்டு அதனை விட்டு இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. 1992ஆம் ஆண்டு பிரேசில் மரத்தின் பன்னாட்டு வணிகமே தடைசெய்யப்பட்டது. இந்திய ரோஸ்வுட் என்பது யாது? நம் மேற்குத் தொடர்ச்சி மலைகளில் வளரும் ஈட்டி மரந்தான். தோதகத்தி என்பதும் அதுவே. எங்கோ நாசரேத்தில் செய்யப்படும் கிதாரின் முதுகில் நம் மலைக்காட்டு மரம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டு முதல் அதன் பன்னாட்டு வணிகமும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு மட்டும் 2019ஆம் ஆண்டு விலக்கு அளிக்கப்பட்டது. ஈட்டி மரம் முதிர்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். அதனைப் பெட்டிக்குள் வாய்பேசாமல் கிடத்துவதற்காக வாங்குதல் முறையாகுமா?

ஆதலின் என் இல்லத்தில் ஒரு விதி உண்டு: ஓராண்டு வாசிக்கப்படாத கிதார் அங்கே தங்கலாகாது. அன்பளிப்பாக வந்த நான்காவது கிதார் ஒன்று அவ்வாறு ஓராண்டு மௌனமாய் இருந்தது. நல்ல கருவிதான், கொடுக்க மனம் வரவில்லை. எனினும் கிதார் பயில விரும்பியும் வாங்க வசதியற்றிருந்த கல்லூரி மாணவர் ஒருவரிடம் அது சென்றது. இன்று அது நாள்தோறும் ஒலிக்கிறது.

மாணவ நண்பர்களே, நீங்கள் கிதார் பயில விரும்பினால் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். அதன் எல்லையை உங்கள் விரல்கள் கண்டபின் மற்றொன்றை நாடுங்கள். வாங்கிய நாள், செய்த இடம், மரத்தின் பெயர், தந்தி மாற்றிய நாள் ஆகியவற்றை ஒரு சிறு ஏட்டில் குறித்துவையுங்கள். அவ்வேடு இல்லையேல் தொகுப்பு வெறுங்குவியலே. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ நூற்றுக்கு 45 முதல் 55 வரை இருப்பது கிதாருக்கு நல்லது. நம் கடற்கரை ஊர்களில் ஈரம் மிகுதி. ஆகவே மழைக்காலத்தில் கருவிப் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொருளை வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நாள்தோறும் சிறிது நேரமேனும் வாசியுங்கள். உங்களுக்குப் பின்னும் அக்கருவி வாழும். அடுத்து அதனைக் கையில் எடுப்பவர்க்கு அது நல்ல நிலையில் கிடைக்குமாறு செய்வதே, திரட்டியவர் ஆற்றவேண்டிய கடமை.