மருந்தேற்றிய ஹைட்ரோஜெல்
தொற்று கண்ட நீரிழிவுப் புண்ணின்மேல் இடப்பட்டு, மருந்தைச் சிறிது சிறிதாக வெளிவிடும் நீர்மிகு கூழ். கைட்டோசான், ஆல்ஜினேட், ஜெலட்டின் போன்றவற்றால் ஆனது. காலில் ரத்த ஓட்டம் குறைந்த நோயாளிக்கு மாத்திரையாகவோ ஊசியாகவோ தரும் ஆன்டிபயாடிக் புண்ணைப் போதிய அளவில் எட்டுவதில்லை. பாக்டீரியாக்களும் பயோஃபிலிம் என்னும் படலத்துக்குள் இருந்து மருந்தைத் தாங்குகின்றன. கூழ், மருந்தைப் புண்ணிலேயே செறிவாக நிறுத்துகிறது; ஈரத்தையும் காக்கிறது.

குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதி சேர்த்த வகை, புண்ணிலுள்ள சர்க்கரையிலிருந்து குளுக்கோனிக் அமிலத்தையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் உண்டாக்குகிறது. அமிலம் புண்ணின் காரத்தன்மையைக் குறைக்கும். பெராக்சைடு கிருமிகளைக் கொல்லும். இத்தகைய வகைகள் பெரும்பாலும் ஆய்வு நிலையில் உள்ளன. அழுகிய திசுவை அகற்றல், பாதத்தின் அழுத்தத்தைக் குறைத்தல், சர்க்கரைக் கட்டுப்பாடு ஆகிய அடிப்படைச் சிகிச்சைகளுக்கு இது மாற்றன்று, துணையே.