மன்னார், 1544: மானமும் முத்தும்

ஹோமரின் இலியட்டில் அக்கிலிசைச் சினக்க வைத்தவர் சொந்தப் படைத்தலைவர் அகமெம்னோன். போரில் அக்கிலிசுக்குப் பங்காகக் கிடைத்த பிரிசெயிசை அவர் பறித்தார். பங்கு போனால் மானமும் போயிற்று என்பதே அந்த வீரர்களின் கணக்கு. இலங்கையின் மன்னார்த் தீவில் 1544இல் நடந்த கொலைகளையும் இந்தக் கணக்கோடு படிக்க வேண்டும். பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவானவரிடம் திருமுழுக்குப் பெற்ற சுமார் 600 பேரை யாழ்ப்பாண மன்னன் முதலாம் சங்கிலி கொல்வித்தான் என்பது மரபு. இதை வெறும் மதவெறி என்று முடித்துவிட முடியாது. எதிர்க்கரைப் பரதவர்கள் 1530களிலேயே திருமுழுக்கோடு போர்த்துக்கேயரின் பாதுகாப்பையும் ஏற்றிருந்தார்கள். மன்னாரிலும் அது நடந்தால் குடியும் இறையும் முத்துச் சலாபமும் சேர்ந்தே கைமாறும்; அரசனுக்கு அது மானக்கேடு. ஆனாலும் வாளேந்தாத குடிகளைக் கொன்றதை எந்த மானமும் நியாயப்படுத்தாது.

எல்லாம் முத்துக்காகத்தான், மானம் வெறும் போர்வை என்பார்கள் சிலர். 1560இல் போர்த்துக்கேய அரசப்பிரதிநிதி கொன்ஸ்தாந்தீனு த பிரகன்சா நல்லூரைத் தாக்கி, மன்னாரைப் பிடித்துக் கோட்டை அமைத்தது இப்படிச் சொல்பவர்களுக்குச் சாதகமான சான்றே. ஆனால் அதே படையெடுப்பில் புத்தரின் பல் என்று நம்பப்பட்ட ஒன்றும் போர்த்துக்கேயர் கையில் சிக்கியது. பர்மாவின் பெகு மன்னர் அதற்குப் பெருந்தொகை தர முன்வந்தார். கோவாவில் பேராயர் காஸ்பர் உறுதியாக மறுத்தார். பல் இடித்து எரிக்கப்பட்டது. இலாபம் மட்டுமே குறியாக இருந்திருந்தால் அதை விற்றிருப்பார்கள்.