பனி, நாய், ஒரு கோட்டை: சதுரங்கப்பட்டினம் கைமாறிய கதை

டிசம்பர் பிறந்துவிட்டால் போதும், குடும்ப வாட்ஸ்அப் குரூப்களில் பனிப் படங்கள் வர ஆரம்பித்துவிடும். டொரன்டோவிலோ ஆம்ஸ்டர்டாமிலோ வேலை பார்க்கிற நம்மூர்ப் பிள்ளைகள், முழங்கால் அளவு பனியில் நாயைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கீழே ஒரு சித்தி, "காதை மூடிக்கோ கண்ணா" என்று எழுதியிருப்பார். இன்னொருத்தர் நாய்க்குக் குளிராதா என்று கேட்டிருப்பார்.

இன்றைக்கு இந்தப் படத்தை அப்படியே திருப்பிப் பார்க்கலாம். பனியும் நாயுமாக வளர்ந்த ஒரு கூட்டம், பிழைப்புக்காக நம்ம ஊர் வெயிலுக்கு வந்தது. வந்த இடம் மாமல்லபுரத்திலிருந்து தெற்கே சுமார் 15 கிலோமீட்டர்: சதுரங்கப்பட்டினம், வெள்ளைக்காரர் வாயில் 'சட்ராஸ்'. இன்றைக்குக் கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர். அங்கே கடலைப் பார்த்தபடி ஒரு செங்கல் கோட்டை இருக்கிறது. அதைக் கட்டியவர்கள் டச்சுக்காரர்கள். அந்தக் கோட்டை கைமாறியதில் பனிக்கும் பங்கு உண்டு, நாய்க்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு. எப்படி என்று பார்ப்போம்.

முதலில் அவர்கள் விட்டுவிட்டு வந்த ஊரைப் பார்க்கணும். 14ஆம் நூற்றாண்டிலிருந்து 19ஆம் நூற்றாண்டு வரைக்குமான காலத்தை வானிலை ஆய்வாளர்கள் 'சிறு பனியுகம்' என்கிறார்கள். ஐரோப்பாவில் குளிர்காலங்கள் இப்போதைவிடக் கடுமையாக இருந்தன. ஹாலந்தின் கால்வாய்கள் அடிக்கடி கெட்டியாக உறைந்தன. படகு போகாது, வேலை நடக்காது. ஆனால் ஊரே உறைந்த தண்ணீர் மேல் இறங்கி விளையாடும். பணக்காரர், ஏழை, பாட்டி, பேரன், எல்லாரும் ஒரே பனித்தரையில் சறுக்குவார்கள். கூடவே நாய்கள் ஓடும்.

இது எப்படித் தெரியும்னா, ஓவியங்கள் இருக்கின்றன. 1565இல் பீட்டர் புரூகல் வரைந்த 'பனியில் வேட்டைக்காரர்கள்' படத்தில் மூன்று பேர் களைத்துப்போய் ஊர் திரும்புகிறார்கள். பின்னாலேயே மெலிந்த நாய்க் கூட்டம். கீழே உறைந்த குளத்தில் குழந்தைகள் சறுக்குகிறார்கள். சுமார் 1608இல் ஹென்ட்ரிக் ஆவர்காம்ப் வரைந்த குளிர்காலப் படம் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. ஊரே குதூகலமாகச் சறுக்கும்போது, ஓர் ஓரத்தில் செத்த விலங்கு ஒன்றை நாய் தின்றுகொண்டிருக்கும். குளிர் எல்லாருக்கும் கொண்டாட்டம் இல்லை என்று அந்த ஓவியருக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த 1608ஆம் வருஷத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே வருஷம்தான் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி கடலூர் தேவனாம்பட்டினத்தில் வணிகத்துக்கு அனுமதி வாங்கியது. 1610இல் பழவேற்காட்டுக்கு வந்தது. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் சதுரங்கப்பட்டினத்திலும் நிலைகொண்டது.

ஏன் வந்தார்கள்? துணிக்காக. செங்கல்பட்டுச் சீமையின் தறிகளில் நெய்த துணி, சோழமண்டலக் கரையின் சாயத் துணி. இதில் ஒரு பகுதி தென்கிழக்கு ஆசியாவுக்குப் போய் மிளகாகவும் கிராம்பாகவும் மாறியது. இன்னொரு பகுதி ஐரோப்பாவுக்கே போனது. நம்ம வெயிலில் நெய்து, சாயம் போட்டு, வெயிலிலேயே காயவைத்த பூத்துணிக்கு நடுவில் பஞ்சு வைத்துத் தைத்து, அங்கே குளிருக்குப் போட்டுக்கொண்டார்கள். ஹிந்தலோப்பன் என்ற சின்னத் துறைமுக ஊரில் பெண்களின் பாரம்பரிய நீள அங்கியே இந்தியப் பூத்துணியில் தைத்ததுதான். அந்த ஊர், உறைந்த கால்வாய்களில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் சறுக்கிப் போகும் புகழ்பெற்ற 'பதினோரு நகரப் பந்தய'த்தின் பாதையில் இருக்கிறது. பனியில் சறுக்கிப் போன ஒரு பாட்டியின் உடம்பில் நம்ம கரையின் துணி இருந்திருக்கிறது, பாருங்க.

சரி, இங்கே வந்தவர்கள் கதி? சதுரங்கப்பட்டினத்தில் தை மாதத்து விடியற்காலையில்கூடப் பெரிய குளிர் இருக்காது. தைப் பனி தரையைத் துளைக்கும் என்று நாம் சொல்லுவோம். ஹாலந்துக்காரனுக்கு அது வசந்தகாலம். தமிழில் புல் நுனியில் நிற்கும் துளியும் பனிதான், இமயமலையில் கிடப்பதும் பனிதான். ஒரே சொல். அவர்கள் மொழியில் அது இரண்டு வேறு சொல், இரண்டு வேறு உலகம்.

கோட்டைக்குள்ளே ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. நான் போகும்போதெல்லாம் அங்கேதான் அதிக நேரம் நிற்பேன். கருங்கல் பலகைகளில் குடும்பச் சின்னங்கள், டச்சு எழுத்துகள், அவ்வளவு நேர்த்தியான செதுக்கு வேலை. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பிரசவம், இப்படித்தான் அன்றைக்குச் சாவுகள். பலகையில் பெயர் உள்ளவர்கள் வசதியானவர்கள். சாதாரண சிப்பாய்க்கும் மாலுமிக்கும் மணல்தான்.

இப்போது நாய்க்கு வருவோம். டச்சு நாட்டில் ஆரஞ்சு என்கிற அரச வம்சத்துக்கு அடையாள நாய் 'பக்'. நம்ம ஊரில் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு பையன் பின்னாலேயே ஓடிவந்ததே, அதே சப்பை மூக்கு நாய்தான். 1572இல் வில்லியம் இளவரசரின் கூடாரத்தை இரவில் ஸ்பானியப் படை தாக்கியபோது, அவருடைய நாய் குரைத்து எழுப்பி உயிரைக் காப்பாற்றியது என்று ஒரு கதை சொல்வார்கள். டெல்ஃப்ட் நகரத்துத் தேவாலயத்தில் அவர் கல்லறைச் சிலையின் காலடியில் ஒரு நாய் படுத்திருக்கிறது.

1780களில் அந்த நாட்டில் அரசியல் இரண்டாகப் பிளந்தது. ஒருபக்கம் ஐந்தாம் வில்லியமும் ஆரஞ்சுக் கட்சியும். எதிர்பக்கம், குடிமக்களுக்கு அதிகாரம் வேண்டும் என்ற 'தேசபக்தர்கள்'. இவர்களின் தலைவர்களில் ஒருவர் டோர்ட்ரெக்ட் நகரத்து கோர்னெலிஸ் டி ஹைசலார். கோர்னெலிஸ் என்ற பெயரைச் சுருக்கினால் 'கேஸ்'. படகுகளில் காவலுக்கு இருந்த சாம்பல் நிறப் புசுபுசு நாய் இந்தக் கட்சியின் சின்னமானது, 'கேஸ்ஹோண்ட்', அதாவது கேஸின் நாய் என்று பெயரும் வாங்கியது. தெருத் தெருவாக நம்ம வீடுகளில் ஒரு காலத்தில் வெள்ளைப் பொமரேனியன் இருந்ததே, அதற்கு இது பெரியப்பா முறை. இரண்டும் ஸ்பிட்ஸ் குடும்பம்.

கேலிச் சித்திரங்களில் ஆரஞ்சுக்காரர்கள் பக் நாயாகவும் தேசபக்தர்கள் கேஸ் நாயாகவும் கடித்துக்கொண்டார்கள். நம்ம ஊரில் கரை வேட்டியைப் பார்த்துக் கட்சியைச் சொல்லுகிற மாதிரி, அங்கே நாயைப் பார்த்துச் சொல்லலாம். 1787இல் பிரஷ்யப் படை உள்ளே வந்து தேசபக்தர்களை நசுக்கியது. அதற்கப்புறம் கேஸ் நாய் வைத்திருப்பதே ஆபத்து என்று பலர் கைவிட்டதாகச் சொல்கிறார்கள். தலைவர்கள் பலர் பிரான்சுக்கு ஓடினார்கள்.

அந்தச் சமயம் சதுரங்கப்பட்டினம் ஏற்கெனவே ஒரு அடி வாங்கியிருந்தது. 1780இல் ஹைதர் அலியின் படை கர்நாடகச் சீமைக்குள் இறங்கியது. அதே வருஷக் கடைசியில் ஆங்கிலேயருக்கும் டச்சுக்காரருக்கும் போர். 1781இல் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்தார்கள். அப்போது அங்கே கணக்கராக வேலை பார்த்தவர் யாக்கோப் ஹாஃப்னர். தமிழ் கற்றவர். கைதாகச் சென்னைக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கே 1782 பஞ்சத்தில் மக்கள் தெருவில் விழுந்து சாவதைக் கண்ணால் பார்த்தார். பிற்பாடு ஆம்ஸ்டர்டாமில் உட்கார்ந்து இந்தக் கரையைப் பற்றி ஏக்கத்தோடு புத்தகங்கள் எழுதினார். தன் சொந்த நாட்டார் உட்பட ஐரோப்பியர் இங்கே செய்ததை வெளிப்படையாகக் கண்டித்தார். கூட்டத்தில் இப்படியும் ஒருத்தர்.

போர் முடிந்து கோட்டை திரும்பக் கிடைத்தது. பத்து வருஷம்தான். 1794 டிசம்பரில் ஹாலந்தில் கொடூரமான குளிர். அந்த நாட்டுக்குப் பெரிய பாதுகாப்பே அதன் ஆறுகள்தான். படை வந்தால் மதகைத் திறந்து நிலத்தையே வெள்ளக்காடாக்கிவிடுவார்கள். ஆனால் தண்ணீரே உறைந்துவிட்டால்? மாஸ் ஆறும் வால் ஆறும் உறைந்தன. பிரெஞ்சுத் தளபதி பிஷக்ரூவின் படை, பீரங்கியோடு பனி மேல் நடந்தே வந்தது. தப்பி ஓடிய தேசபக்தர்கள் அதோடு ஊர் திரும்பினார்கள்.

1795 ஜனவரி 18. ஐந்தாம் வில்லியம் ஸ்கெவனிங்கன் கடற்கரையில் ஒரு மீன்பிடிப் படகில் ஏறி இங்கிலாந்துக்கு ஓடினார். ஐந்து நாள் கழித்து டென் ஹெல்டரில் பனிக்குள் மாட்டிக்கொண்ட டச்சுப் போர்க்கப்பல்கள் பிரெஞ்சுக் குதிரைப்படையிடம் சிக்கின. குதிரை கப்பலைப் பிடித்த கதை என்று பிரபலமான சம்பவம் அது. உண்மையில் சண்டை எதுவும் இல்லை, பேசி முடித்ததுதான் என்று பிற்கால ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எப்படியானாலும் கப்பல் நகராததற்குக் காரணம் பனி.

அன்றைக்கு சதுரங்கப்பட்டினத்தில் பொங்கல் முடிந்து சில நாள்தான் ஆகியிருக்கும். யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஐரோப்பாவிலிருந்து கப்பல் வர ஆறு மாசம், சில சமயம் அதற்கும் மேலே ஆகும்.

இங்கிலாந்தில் அடைக்கலமான வில்லியம், கியூ என்ற இடத்தில் தங்கி, பிப்ரவரி 7 அன்று டச்சுக் குடியேற்றங்களின் ஆளுநர்களுக்குக் கடிதங்கள் எழுதினார். சாரம் இதுதான்: பிரெஞ்சுக்காரன் கையில் போகாமல் இருக்க, ஆங்கிலேயரை உள்ளே விடுங்கள். 'கியூ கடிதங்கள்' என்று வரலாற்றில் பெயர். அந்தக் காகிதத்தைக் காட்டியும் பீரங்கியைக் காட்டியும் ஆங்கிலேயர் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார்கள். 1795க்குள் திருகோணமலை, யாழ்ப்பாணம், மலாக்கா, கொச்சி எல்லாம் போயின. சதுரங்கப்பட்டினமும் பழவேற்காடும் அதே வருஷம் போயின. 1796 பிப்ரவரியில் கொழும்பு. 1799 கடைசியில் டச்சுக் கம்பெனியே இல்லை. 1818இல் கோட்டை மறுபடி டச்சுக்காரர் கைக்கு வந்தது. 1824 லண்டன் உடன்படிக்கைப்படி அடுத்த வருஷம் ஒரேயடியாக ஆங்கிலேயருக்குப் போனது.

பனி உறையாமல் இருந்திருந்தால் இது எதுவுமே நடந்திருக்காதா? அப்படிச் சொல்ல முடியாது. டச்சுக் கம்பெனி கடனில் மூழ்கியிருந்தது, கடலில் ஆங்கிலேயர் பலம் ஏறியிருந்தது. சுற்றியிருந்த செங்கல்பட்டு ஜாகிர் 1763லேயே ஆங்கிலக் கம்பெனி கைக்கு வந்துவிட்டது. சதுரங்கப்பட்டினம் அதற்கு நடுவில் ஒரு தீவு மாதிரி. எப்போதாவது விழத்தான் போகிறது. அது எந்த வருஷம், எந்தக் காகிதத்தால் என்பதைத்தான் பனி தீர்மானித்தது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. இந்தக் கதையில் நாய்க்குக்கூடக் கட்சி இருக்கிறது. பக் எந்தப் பக்கம், கேஸ் எந்தப் பக்கம் என்று பதிவாகியிருக்கிறது. ஆனால் சதுரங்கப்பட்டினத்துத் தறிக்காரர் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை. 1781இல் ஒரு கொடி, அப்புறம் பழைய கொடி, 1795இல் மறுபடி வேறு கொடி. ஒவ்வொரு தடவையும் முன்பணம் கொடுத்தவன் மாறுவான், கடன் மாறாது. அலையில் படகு தள்ளி மூட்டையைக் கப்பலுக்குக் கொண்டுபோனவர்களுக்கும் இதே நிலைமைதான். 17ஆம் நூற்றாண்டுப் பஞ்சங்களில் பழவேற்காட்டிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ஆயிரக்கணக்கானோரை இதே கம்பெனி அடிமைகளாக பத்தாவியாவுக்கும் இலங்கைக்கும் ஏற்றியது. அவர்களும் ஊர் விட்டுப் போனவர்கள்தான். அவர்களுக்குக் குடும்பச் சின்னம் செதுக்கிய கல் எங்கேயும் இல்லை.

மாமல்லபுரம் போகிறவர்கள் ஐந்து ரதம் பார்த்துவிட்டு, மீன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் தெற்கே போய்ப் பாருங்க. கோட்டையைத் தொல்லியல் துறை பராமரிக்கிறது. தானியக் கிடங்கு, மதில், கல்லறைகள் எல்லாம் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். காலையிலேயே போங்க, பத்து மணிக்கு மேல் செங்கல் சுடும்.

அப்புறம், பனிப் படம் அனுப்புகிற உங்கள் பிள்ளைகளுக்கும் இந்த எபிசோடை அனுப்பிவையுங்கள். பக்கத்து வீட்டில் புசுபுசுவென்று, கண்ணாடி போட்ட மாதிரி முகத்தோடு ஒரு சாம்பல் நாய் இருந்தால், அதன் பெயர்க் கதையை அந்த வீட்டுக்காரருக்கே சொல்லச் சொல்லுங்கள். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.