தாதியருக்கு ஆசிரியர் யார்?

கல்முனையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பாதையில், சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையே அமைந்துள்ளது காரைதீவு. இது இந்துத் தமிழரின் ஊர். இருமருங்கும் முஸ்லிம் ஊர்கள். வழிபாடு வேறாயினும், நோயாளி வாய்திறந்து தன் வலியைச் சொல்லும் மொழி இக்கரையெங்கும் தமிழே.

1892-ல் இவ்வூரில் பிறந்த மயில்வாகனனாரை, பின்னாளில் விபுலாநந்த அடிகளாரை, ‘யாழ் நூல்’ தந்த பேரறிஞராகவே பலரும் போற்றுகின்றனர். முதற்கண் அவர் ஒரு பயிற்றப்பட்ட ஆசிரியர் என்பதை நினைப்பவர் சிலரே. பள்ளியிற் கற்பித்து வந்த இளைஞர் 1911-ல் கொழும்புக்குச் சென்று ஆசிரியப் பயிற்சி பெற்றார். பாடம் அறிந்திருப்பது ஒன்று, அதைப் பிறர் மனத்திற் பதிப்பது மற்றொன்று என்பதைப் பள்ளிக்கூட உலகம் அப்போதே ஒப்புக்கொண்டிருந்தது. வைத்தியசாலை உலகமோ அதனை ஒப்புக்கொள்ள நெடுங்காலம் மறுத்தது.

1860-ல் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் புளோரன்ஸ் நைட்டிங்கேல் நிறுவிய பயிற்சிப் பள்ளி, தாதித் தொழிலுக்கு மதிப்பைத் தேடித் தந்தது, ஐயமில்லை. ஆனால் அதைப் பின்பற்றி எழுந்த பள்ளிகளிற் பெரும்பாலானவை வைத்தியசாலையின் நிழலிலேயே வளர்ந்தன. ‘மாணவி’ என்று பெயர். செய்வதோ முழுநேர வேலை. பகலெல்லாம் நோயாளரைக் கழுவித் துடைத்துக் களைத்த பெண், மாலையில் வைத்தியர் வந்து நிகழ்த்தும் விரிவுரையைக் கேட்க வேண்டும். மற்றப் பாடமெல்லாம் மூத்த தாதிக்கு ஓய்வு கிடைத்தபோது கிடைத்ததுதான். கல்வி என்ற பெயரால் மலிவான உழைப்பைப் பெறும் இந்த ஏற்பாடு நிருவாகத்தினருக்கு வசதியாயிருந்ததில் வியப்பென்ன? அதை மாற்ற வேண்டுமெனில் மாணவியின் நேரத்துக்காக வாதாடவல்ல ஓர் ஆசிரியை வேண்டும். அவளும் தாதியாக இருத்தல் வேண்டும்.

அத்தகையோரை உருவாக்கும் முயற்சி 1899-ல் நியூயார்க்கில் தொடங்கியது. இசபெல் ஹாம்ப்டன் ராப் முதலியோர் தூண்ட, கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரி, பயிற்சி முடித்து அனுபவம் பெற்ற தாதியருக்கென ஒரு பாடநெறியைத் திறந்தது. பள்ளி ஆசிரியர்கள் கற்கும் அதே கல்லூரியில் தாதியும் அமர்ந்து கற்கலானாள். 1907-ல் அடிலெய்ட் நட்டிங் அங்கே பேராசிரியரானார். தாதியொருவர் பல்கலைக்கழகப் பேராசிரியரானது உலகில் அதுவே முதன்முறை. 1923-ல் வெளிவந்த கோல்ட்மார்க் அறிக்கை, வைத்தியசாலைகள் மாணவியரின் கல்வியைத் தம் வேலைத்தேவைக்குப் பலியிடுவதை அம்பலப்படுத்தியது. அறிக்கை வந்தவுடன் அநீதி ஓடிவிடவில்லை. எனினும் அதனை இனி ‘சேவை’ என்று சொல்லி மூடிவிட முடியவில்லை.

நம் பக்கத்திற்கு வருவோம். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-ல் தாதியர் பள்ளியைத் தொடங்கினார். 1946-ல் அங்கே சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த பட்டப்படிப்பு உருவாயிற்று. தில்லியிலும் அதே ஆண்டில். அவ்வாண்டு வெளியான போர் குழுவின் அறிக்கை, பரந்த இந்தியா முழுமைக்கும் ஏறத்தாழ 7,000 தாதியரே இருந்தனர் என்று கணக்கிட்டது. சராசரியாக 43,000 பேருக்கு ஒருவர்! இந்தப் பஞ்சத்தைப் போக்கப் பள்ளிகளை மட்டும் திறந்தாற் போதுமா? பள்ளி திறந்தால் கற்பிக்க ஆள் வேண்டும். அந்த ஆளை உருவாக்க மேற்படிப்பு வேண்டும். 1959-ல் தில்லியில் முதுநிலைப் படிப்பும் தொடங்கியது.

இனி மொழி. மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷனரி சாமுவேல் கிறீன், 1864-ல் ஆங்கிலத்தை விட்டுத் தமிழிற் கற்பிக்கத் துணிந்தார். உடற்கூறு, மகப்பேறு முதலிய துறைகளின் நூல்களைத் தமிழாக்கச் செய்தார். 1936-ல் சென்னையிற் கூடிய கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் நம் காரைதீவு அடிகளார். ‘தமிழில் அறிவியல் முடியுமா’ என்று இன்னும் கேட்போர் இவ்விரண்டையும் அறியாதவர்கள் போலும். கலைச்சொற்கள் அகராதியில் இருந்தால் மட்டும் ஆகாது. காய்ச்சல் வந்த பிள்ளையின் தாய்க்கு விளங்கும் சொல்லை மாணவத் தாதிக்கு வழங்குபவள் போதனாசிரியை. அவளுக்குத் தமிழில் விளக்கும் பயிற்சி இல்லையெனில், மாணவி மனப்பாடம் செய்வாள், தாய் தலையாட்டுவாள். 1956-ன் சிங்களம் மட்டும் சட்டத்திற்குப் பின் கிழக்குக்கரையில் இது வெறும் கல்விப் பிரச்சினையாக இருக்கவில்லை.

இலங்கையில், அனுபவம் பெற்ற தாதியரைத் தெரிந்து, கற்பித்தலுக்கும் வார்டு நிருவாகத்துக்கும் பயிற்றும் அடிப்படைக்கு மேற்பட்ட கல்லூரி கொழும்பில் அமைந்தது. பயன் பெரிது. ஆயினும் வீட்டையும் பிள்ளைகளையும் விட்டு மாதக்கணக்கில் கொழும்பிலே தங்கக் கிழக்குக்கரைப் பெண்கள் எத்தனை பேரால் இயலும்? 1994-ல் திறந்த பல்கலைக்கழகம், கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகத்தின் துணையோடு, தொழிலிலிருக்கும் தாதியருக்குத் தொலைக்கல்வி வழியே பட்டப்படிப்பைத் தொடங்கியபோது இத்தடை ஓரளவு தளர்ந்தது. ‘ஓரளவு’ என்பதை அழுத்தியே சொல்கிறேன்: இரவுக் கடமை முடித்துவந்து பாடநூலைத் திறப்பவளின் நிலை, அந்த இலண்டன் மாணவியின் நிலையிலிருந்து வெகுதூரம் விலகியதன்று. படிப்புக்கெனச் சம்பளத்துடன் விடுமுறை கேட்பது சலுகைக்கான கோரிக்கையன்று.

இப்போது மட்டக்களப்பிலே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடம், மருத்துவத்தோடு தாதியத்திற்கும் பட்டம் வழங்குகிறது. காரைதீவிலிருந்து அங்கே செல்லப் பேருந்து உண்டு.