குளூட்டன் தவிர்த்த உணவுமுறை

குளூட்டன் தவிர்த்த உணவுமுறை என்பது கோதுமை, வாற்கோதுமை (பார்லி), ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் எனும் புரதத் தொகுதியை முற்றிலும் நீக்கிய உணவுமுறை ஆகும். குளூட்டன் தமிழில் பசையம் எனவும் வழங்கப்படுகிறது. கோதுமை மாவைப் பிசையும்போது அதற்கு இழுபடும் தன்மையைத் தருவது இதுவே. சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் இவ்வுணவுமுறையே அடிப்படைச் சிகிச்சையாகும். அரிசியை முதன்மை உணவாகக் கொண்ட காவிரிக் கழிமுகப் பகுதியில் இது எவ்வாறு அமைகிறது என்பது, காரைக்காலை எடுத்துக்காட்டாகக் கொண்டு கீழே விளக்கப்படுகிறது.

சீலியாக் நோய்

சீலியாக் நோய் ஒரு தன்னெதிர்ப்பு நோய் ஆகும். குளூட்டன் உட்கொள்ளப்படும்போது உடலின் நோயெதிர்ப்புத் தொகுதி சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கி, சத்துகளை உறிஞ்சும் குடல் உறிஞ்சிகளைச் சிதைக்கிறது. இதனால் வயிற்றுப்போக்கு, வயிறு உப்புசம், இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகை, எலும்பு நலிவு, குழந்தைகளில் வளர்ச்சிக் குறைவு முதலியன ஏற்படலாம். முதலாம் வகை நீரிழிவு உள்ளவர்களிடம் இந்நோய் கூடுதலாகக் காணப்படுகிறது.

வரலாறு

1888 இல் ஆங்கிலேய மருத்துவர் சாமுவேல் கீ இந்நோயை விரிவாக விவரித்தார். எனினும் காரணம் கோதுமையே என நிறுவியவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் காரெல் டிக்கே ஆவார். 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காத நிலையிலும் இந்நோயுற்ற குழந்தைகள் உடல் தேறியது அவரது கருத்துக்கு வலுவூட்டியது. 1950 இல் அவர் தமது ஆய்வேட்டை வெளியிட்டார்.

இந்தியாவில்

2016 இல் வெளியான ஓர் ஆய்வின்படி, இந்நோய்க்குரிய எதிர்ப்பொருள்கள் வட இந்தியாவில் 1.23 விழுக்காட்டினரிடமும், வடகிழக்கில் 0.87 விழுக்காட்டினரிடமும், தென்னிந்தியாவில் 0.10 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டன. நோய்க்கு இடமளிக்கும் மரபணுக்களோ வடக்கில் 38.1, தெற்கில் 36.4 விழுக்காடு என ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தன. நாளொன்றுக்குச் சராசரி கோதுமை நுகர்வு வடக்கில் 455 கிராம், தெற்கில் 25 கிராம் ஆகும். ஆகவே தென்னிந்தியரிடம் நோய் குறைவாக இருப்பதற்கு அரிசி உணவு ஒரு காரணமாகலாம் எனக் கருதப்படுகிறது.

காரைக்கால் பகுதி உணவு

காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஒரு மாவட்டம். தமிழ்நாட்டின் நாகப்பட்டினம், மயிலாடுதுறை உள்ளிட்ட மாவட்டங்களும் வங்காள விரிகுடாவும் இதனைச் சூழ்ந்துள்ளன. நெல்லும் மீனும் இங்கு முதன்மையானவை. பழைய சோறு, இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, கொழுக்கட்டை, அரிசியில் செய்த நோன்புக் கஞ்சி ஆகியவை இயல்பாகவே குளூட்டன் அற்றவை. பருப்பு, கீரை, காய், மீன், முட்டை, பால் ஆகியவற்றிலும் குளூட்டன் இல்லை. எனவே இங்குள்ள நோயாளி புதிய உணவு எதையும் தேடத் தேவையில்லை.

மறைந்துள்ள கோதுமை

இடர்ப்பாடு சிறு அளவில் கலக்கும் கோதுமையிலேயே உள்ளது. கவனிக்க வேண்டியவை:

- பெருங்காயம்: கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் மைதா அல்லது கோதுமை மாவு சேர்க்கப்படுகிறது. இதனால் சாம்பாரும் இரசமும்கூடப் பொருந்தாமல் போகலாம்.
- ரவை, சேமியா: இவை பொதுவாகக் கோதுமையிலிருந்து செய்யப்படுபவை. உப்புமா, ரவா தோசை, கேசரி, சேமியாப் பாயசம் ஆகியன தவிர்க்கப்பட வேண்டும்.
- மால்ட் சேர்ந்த சத்து பானங்கள்: மால்ட் பெரும்பாலும் வாற்கோதுமையிலிருந்து பெறப்படுகிறது.
- மாவு அரவை: கோதுமை அரைத்த இயந்திரத்திலேயே அடுத்து அரைக்கப்படும் அரிசி மாவிலும் கேழ்வரகு மாவிலும் கோதுமை கலக்கிறது.
- பொதுவான கல்லும் எண்ணெயும்: புரோட்டா இட்ட கல்லில் வார்த்த தோசையும், சமோசா பொரித்த எண்ணெயில் பொரித்த வடையும் பாதுகாப்பானவை அல்ல.

இந்தியாவில் குளூட்டன் அற்றது எனக் குறிப்பிட்டு விற்கப்படும் உணவில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருத்தல் கூடாது.

சத்துச் சமநிலை

கோதுமையை நீக்குவதால் மட்டும் உணவு நலமானதாகிவிடாது. தீட்டிய வெள்ளை அரிசியை மட்டுமே நம்பினால் நார்ச்சத்தும் பி தொகுதி உயிர்ச்சத்துகளும் குறைகின்றன. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசிக்குள் ஊடுருவுவதால், பச்சரிசியைவிடப் புழுங்கலரிசி மேலானது. கேழ்வரகு, கம்பு, தினை, சாமை, வரகு ஆகிய சிறுதானியங்கள் குளூட்டன் அற்றவை. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உள்ளது. நீரிழிவு உள்ளவர்கள் இரவில் சோற்றுக்குப் பதிலாகச் சப்பாத்தி உண்பது வழக்கமாகிவிட்டது. சீலியாக் நோயும் உடன் இருப்பின் அது தீங்காகும். அவர்கள் அளவான சோற்றையோ சிறுதானியத்தையோ பயறு, காய்கறிகளுடன் உண்ணலாம். கடைகளில் விற்கும் குளூட்டன் அற்ற பிஸ்கட், கேக் ஆகியவற்றில் சர்க்கரையும் கொழுப்பும் மிகுந்திருக்கலாம்.

சோதனைக்கு முன்

நோய் ஐயம் உள்ளவர்கள் தாமாகவே கோதுமையை நிறுத்திவிடுதல் கூடாது. நிறுத்தினால் இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் குறைந்து, சிறுகுடல் திசுவும் தேறத் தொடங்கி, சோதனைகளில் நோய் தென்படாமல் போகலாம். இரத்தப் பரிசோதனையும், தேவையெனில் திசுப் பரிசோதனையும் முடிந்த பின்னரே, மருத்துவரின் அறிவுரையுடன் இவ்வுணவுமுறையைத் தொடங்க வேண்டும். சீலியாக் நோய், கோதுமை ஒவ்வாமை போன்ற காரணம் ஏதும் இல்லாதவர்களுக்கு இதனால் தனிப்பட்ட நன்மை விளைவதாக நிறுவப்படவில்லை.