வீட்டுக்குள் வெந்நீர் ஓடிய கதை

பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "சார், பழைய வீடு ஒண்ணு வாங்கியிருக்கோம். ஹீட்டிங் முழுக்கப் புதுசாப் போடணும். கொட்டேஷன் பார்த்தா தலை சுத்துது. யூடியூப் பார்த்து நானே போட்டுக்கலாமா?" இதே கேள்வியை அந்த நாட்டுக்காரர்கள் அறுபது வருடத்துக்கு முன்பே கேட்டிருக்கிறார்கள். அந்தச் சரித்திரத்தை எல்லோருக்குமாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நம்மூரில் இருப்பவர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். சென்ட்ரல் ஹீட்டிங்கில் ஒரு பாய்லர் தண்ணீரைச் சூடாக்கும். அந்த வெந்நீர் குழாய் வழியாக ஒவ்வோர் அறையிலும் உள்ள ரேடியேட்டருக்குப் போய், சூட்டை அறைக்குக் கொடுத்துவிட்டு, ஆறிப்போய் மறுபடியும் பாய்லருக்கே திரும்பும்.

1950களில் பெரும்பாலான ஆங்கிலேயர் வீடுகளில் இது கிடையாது. கூடத்தில் ஒரு நிலக்கரி அடுப்பு எரியும், குடும்பமே அதைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். படுக்கையறை ஜன்னலில் கண்ணாடியின் உள்பக்கமே உறைபனி படியும். பாதி உலகத்தை ஆண்டவர்கள் வெந்நீர்ப் பையைக் கட்டிக்கொண்டுதான் தூங்கினார்கள்.

அந்த நிலக்கரிக்கும் ஒரு முடிவு வந்தது. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனைப் புகைமூட்டம் மூடியது. இறந்தவர்கள் சுமார் 4,000 பேர் என்று முதலில் கணக்கிட்டார்கள். பிற்காலத்து ஆய்வாளர்கள் 12,000 வரை இருக்கலாம் என்றார்கள். 1956ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. பல பகுதிகளில் புகை கக்கும் கரியை எரிக்கத் தடை. குளிர் காய வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

பணக்கார மாளிகைகளில் வெந்நீர்க் குழாய் முன்பே இருந்தது. ஆனால் தண்ணீரைத் தள்ள மோட்டார் கிடையாது. சூடான தண்ணீர் மேலே ஏறும், ஆறிய தண்ணீர் கீழே இறங்கும். எட்டாம் வகுப்பில் நான் கண்ணாடிக் குடுவையில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் போட்டுக் காட்டினேனே, அதே வெப்பச்சலனம்தான். அந்தச் சின்ன விசையில் தண்ணீர் ஓட வேண்டுமென்றால் குழாய் பருமனாக இருக்க வேண்டும். அத்தனை கனமான இரும்புக் குழாயை இணைக்கத் தேர்ந்த ஆட்கள் வேண்டும். சாமானியனுக்குக் கட்டுப்படியாகாது.

1950களின் பிற்பகுதியில் சின்ன மின்சாரப் பம்பு வீட்டுக்குள் வந்ததும் கதை மாறியது. பம்பு தள்ளுவதால் அரை அங்குலச் செப்புக் குழாயே போதுமென்று ஆனது. செப்பை ரம்பத்தால் அறுக்கலாம், வளைக்கலாம். நெருப்பு வைத்துப் பற்றவைக்கத் தெரியாதவர்களுக்கு வேறு ஓர் இணைப்பு இருந்தது: உள்ளே ஒரு சிறு வளையம், வெளியே நட்டு, இரண்டு ஸ்பேனரால் இறுக்கினால் தண்ணீர் கசியாது. இந்த வளையமும் நட்டும்தான் பிளம்பர் வேலையைக் குமாஸ்தா கைக்குக் கொண்டுவந்து சேர்த்தன என்பது என் கருத்து.

காலமும் கூடிவந்தது. 'நீங்களே செய்யுங்கள்' என்பது அப்போது அங்கே பெரிய மோகம். பிபிசி தொலைக்காட்சியில் பாரி பக்நெல் என்பவர் மரவேலையும் சுவர் வேலையும் செய்து காட்ட, நாடே பார்த்தது. பாய்லர், ரேடியேட்டர், குழாய் எல்லாம் மொத்தமாக விற்பனைக்கு வந்தன. கூலி மிச்சம் என்பதால் வாத்தியார்களும் ஆபீஸ்காரர்களும் சனி, ஞாயிறு வேலையாக இதில் இறங்கினார்கள்.

வேலை சுலபம் என்று நினைக்காதீர்கள். முதலில் கணக்குப் போட வேண்டும். வெளியே 30 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும்போது கூடத்தில் 70 டிகிரி வேண்டுமென்றால், சுவர், ஜன்னல், கூரை வழியாக எவ்வளவு சூடு வெளியேறும் என்று அறை அறையாகக் கணக்கிட்டு, அதற்கேற்ற ரேடியேட்டர் வாங்க வேண்டும். பிறகு தரைப் பலகைகளைப் பெயர்த்து, உத்திரத்தில் பள்ளம் வெட்டிக் குழாயைப் படுக்கவைத்து, தண்ணீர் விரிவடைவதற்குப் பரணில் ஒரு சின்னத் தொட்டி வைக்க வேண்டும். இதில் தப்பு நடந்தால் கூரைப் பூச்சில் ஈரம் படரும், மனைவி திட்டுவார். அதற்கு மேல் பெரிய ஆபத்து ஒன்றுமில்லை.

எரிவாயு விஷயம் அப்படியல்ல. 1965ல் வட கடலுக்கடியில் எரிவாயு கிடைத்தது. 1967 தொடங்கிப் பத்து வருடத்தில் சுமார் 1 கோடியே 30 லட்சம் இணைப்புகளை வீடுவீடாகப் போய் அதற்கு மாற்றினார்கள். சென்ட்ரல் ஹீட்டிங் மளமளவென்று பரவியது. 1970களின் தொடக்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான வீடுகளில் இருந்தது, 2000 வாக்கில் பத்தில் ஒன்பது வீடுகளுக்கு வந்துவிட்டது.

நடுவில், 1968 மே 16. கிழக்கு லண்டனில் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் கட்டடம். நம் சொந்தங்கள் பலர் இருக்கும் ஈஸ்ட் ஹாம் உள்ள அதே நியூஹாம் பகுதிதான். கட்டடம் திறந்து சுமார் இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. விடிகாலையில் 18ஆம் மாடியில் ஒரு பெண்மணி தேநீர் போடத் தீக்குச்சி உரசினார். வெடித்தது. அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் கட்டடத்தின் ஒரு மூலை மேலிருந்து கீழ்வரை சரிந்து நான்கு பேர் இறந்தார்கள்.

விசாரணையில் தெரிந்தது: அடுப்புக் குழாயை இணைத்த பித்தளை நட்டு தரக்குறைவானது. அடுப்பை மாட்டிக் கொடுத்தவர் அந்தப் பெண்மணியின் நண்பர். நட்டின் குறை அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கட்டடத்தின் சுவர்ப் பலகைகளை இணைத்த விதமும் பலவீனமானது. அதனால் நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். தண்ணீர் கசிந்தால் நஷ்டம் செய்தவனோடு போகும். எரிவாயு கசிந்தால் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து கொடுக்க வேண்டியிருக்கும்.

எரிவாயு வேலை செய்பவர்களுக்கு 1970ல் 'கோர்கி' என்ற பதிவேடு வந்தது. 1972ல் எரிவாயுப் பாதுகாப்பு விதிகள் வந்தன. 1991ல், காசு வாங்கி இந்த வேலை செய்பவர்களுக்குப் பதிவு கட்டாயமானது. 2009 முதல் அந்தப் பதிவேட்டின் பெயர் 'கேஸ் சேஃப்'.

ஆகவே தம்பி, தரையைப் பெயர்ப்பது, குழாய் ஓட்டுவது, ரேடியேட்டர் மாட்டுவது எல்லாம் நீயே செய்யலாம், கொட்டேஷனில் கணிசமாகக் குறையும். பாய்லரையும் எரிவாயுக் குழாயையும் தொடாதே. சரியாக எரியாத பாய்லர் கார்பன் மோனாக்சைடு விடும். அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். அதற்கென்று உள்ள அலாரம் ஒன்று வாங்கி மாட்டு. பாய்லர் மாட்ட வருபவரிடம் கேஸ் சேஃப் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி, பின்பக்கத்தையும் திருப்பிப் பார். எந்தெந்த வேலைக்கு அவர் தகுதி பெற்றவர் என்பது அங்கேதான் எழுதியிருக்கும்.