நாலு பக்கமும் தண்ணீர்

2007 ஜூலையில் எடுத்த ஒரு வான்வழிப் புகைப்படம் இருக்கிறது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை பழுப்பு வெள்ளம். நடுவில் தீவு மாதிரி ஒரு பழைய தேவாலயம். இங்கிலாந்தின் க்ளாஸ்டர்ஷயரில் உள்ள ட்யூக்ஸ்பரி ஊர் அது. அந்தப் படத்துக்காகவே ஒரு சனிக்கிழமை அங்கே போனேன்.

செவர்ன் நதியோடு ஏவன் வந்து சேரும் இடம். சுற்றிலும் இருப்பது வெள்ளம் பரவும் புல்வெளி, அங்கே வீடு கட்ட முடியாது. மேட்டு நிலமோ கொஞ்சம்தான். அதனால் தெருவோர வீட்டுக்குப் பின்னால் இன்னொரு வீடு, அதற்குப் பின்னால் இன்னொன்று என்று கட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். அவற்றுக்குப் போகும் வழிகள்தான் இன்று மிஞ்சியிருக்கும் முப்பது சொச்சம் முடுக்குகள். சிலவற்றில் எதிரே ஆள் வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும். இந்த ஊரின் வரைபடத்தைப் போட்டது தண்ணீர்தான்.

வரலாற்றுப் புத்தகங்களில் ட்யூக்ஸ்பரி என்றால் 1471 மே 4. ரோஜாப் போர்களில் நான்காம் எட்வர்டு, லங்காஸ்டர் தரப்பை ஊருக்கு வெளியே முறியடித்த நாள். ஆறாம் ஹென்றியின் ஒரே மகன் அன்று செத்தான். தோற்ற பிரபுக்கள் தேவாலயத்துக்குள் தஞ்சம் புகுந்தும் தப்பவில்லை; சந்தை வீதியில் தலை வெட்டினார்கள்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொரு கணக்கு. எட்டாம் ஹென்றி மடாலயங்களைக் கலைத்தபோது, 1540 ஜனவரியில் இந்த மடமும் போனது. அரசுக்கு வேண்டியது கூரை ஈயமும் மணிகளும். 1121-இல் அர்ப்பணிக்கப்பட்ட கட்டடம் இடிய வேண்டியதுதான் பாக்கி. ஊர்க்காரர்கள், இதன் ஒரு பகுதி எங்கள் வழிபாட்டு இடம் என்று வாதாடி, மீதிக்கு விலை பேசினார்கள். ஈயத்துக்கும் மணிக்கும் சேர்த்து 453 பவுண்டு. அன்றைக்கு ஒரு சின்ன ஊருக்கு அது பெரிய தொகை. அந்தக் காசுதான் இன்றும் அங்கே கோபுரமாக நிற்கிறது.

2007-க்கு வருவோம். ஊரை ஒட்டிய மைத் நீர் சுத்திகரிப்பு நிலையம் மூழ்கியது. சுமார் மூன்றரை லட்சம் பேருக்குக் குழாயில் தண்ணீர் நின்றது. வாரக்கணக்கில் பாட்டிலும் தொட்டியும்தான். எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் ‘சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெய்லியர்’. அவ்வளவு பேரும் நம்பியிருந்த நிலையத்துக்கு நிரந்தர வெள்ளத் தடுப்பு வந்தது அதற்குப் பிறகுதான்.

தேவாலயத்துக்குக் காசு சேர்த்தவர்கள் இடிப்பதற்கு முன்பே சேர்த்துவிட்டார்கள். திரும்பி வரும்போது அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.